நல்லா இருக்குது மேடம்

முதுகில் மரப்பு ஊசி போடுவது என் தொழில். வாரத்தில் நான்கு நாள் விழுப்புரம், இரண்டு நாள் திண்டிவனம். இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் தூங்கித் தூங்கியே என் கழுத்து ஒரு பக்கமாகக் கோணிப் போய்விட்டது. இந்த வயதில் உனக்கு ஆராய்ச்சி ஒரு கேடா என்று வீட்டில் கேட்டார்கள். கேடுதான். பெரிய டாக்டர் அதில் சேரச் சொன்னபோது முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஊசி மருந்து சில மணி நேரம் நரம்பை மரக்க வைத்துவிட்டு இறங்கிவிட வேண்டும். எப்போதோ ஒருவருக்கு அந்த மருந்தே நரம்பைப் புண்ணாக்கிவிடும். கண்ணாடித் தட்டில் வளர்த்த நரம்பணுக்களில் இதைப் பார்த்திருக்கிறார்கள். எங்களிடம் வருகிறவர்களில் யாருக்கு அப்படி ஆகிறது, எத்தனை நாள் நீடிக்கிறது என்பதைத்தான் நாங்கள் குறித்துவைக்க வேண்டும். அதனால் ஊசி போட்ட ஒவ்வொருவருக்கும் முதல் வாரம், மூன்றாம் வாரம், ஆறாம் வாரம் போன் செய்வேன். கால் மரத்திருக்கிறதா, எரிகிறதா, மூத்திரம் ஒழுங்காகப் போகிறதா. ஆம் அல்லது இல்லை என்று டிக் அடிக்க வேண்டும்.

இந்தப் பக்கத்தில் யாருக்கு இடுப்பு வலித்தாலும் பழி முதுகு ஊசிமேல்தான். பிள்ளை பெற்றுப் பதினைந்து வருடம் கழித்து, நாளெல்லாம் குனிந்து மல்லாட்டைச் செடி பிடுங்கிவிட்டு வந்து, "அந்த ஊசியாலதாம்மா" என்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அதனால் போனில் யாராவது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் வாயில் சர்க்கரை போட்ட மாதிரி இருக்கும். மேற்கொண்டு கேட்க மாட்டேன்.

அந்தப் பெண்ணுக்குத் தலைப்பிரசவம், ஆபரேஷன். கேஸ் ஷீட்டில் இருந்தது அவள் புருஷனுடைய நம்பர். வானூர்ப் பக்கம் கட்டட வேலை செய்பவன், தன்மையாகப் பேசுவான். பின்னால் கலவை மெஷின் சத்தம் கேட்கும்.

"கால் மரத்துப் போறது கீது எதுனா இருக்காப்பா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நல்லா இருக்குது மேடம்."

மூன்று முறையும் இதே பேச்சு. மூன்று முறையும் 'இல்லை' என்று டிக் அடித்தேன்.

ஏழாம் வாரம் திண்டிவனத்தில் கட்டுப் போடும் அறை வழியாகப் போனேன். ஒரு பெண்ணின் வலது காலில் வெந்நீர் கொட்டிய புண். வீட்டு மருந்துக்கு ஆறாமல் அழுகத் தொடங்கியிருந்தது. நர்ஸ் அதைச் சுரண்டிக் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் கத்தவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை. மேசைமேல் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போனேன்.

அவளுடைய அம்மா பக்கத்தில் நின்று அழுதாள். "பிள்ள பெத்த ஒடம்பாச்சேன்னு வெந்நி ஊத்தனங்க. சூடு போதுமாடின்னு கேட்டுக்கினுதான் ஊத்தனேன். கால்ல சூடே பத்தலம்மா, இன்னும் ஊத்துன்னா. நானும் ஊத்திட்டேன், பாவி."

சீட்டை வாங்கிப் பார்த்தேன். என் பட்டியலில் மூன்று 'இல்லை' வாங்கிய பெண்.

வெளியே வந்து புருஷனுக்குப் போன் செய்து கத்தினேன். அவன் மிரண்டுபோனான். "ஆஸ்பத்திரியில இருந்து நேரா திண்டிவனத்துப் பக்கம் பிரம்மதேசத்துல அவங்க அம்மா ஊட்டுக்குப் போச்சுங்க. நான் ஞாயித்துக்கெழம போயி கொழந்தையப் பாத்துட்டு வருவேன். எம் பொண்டாட்டி உக்காந்துக்கினு இருக்கும். நல்லாத்தான் இருந்துது மேடம்."

அவனைத் திட்டி என்ன பயன்? தலைப்பிரசவம் என்றால் அம்மா வீட்டுக்குப் போவாள் என்பது இங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். நானே என் முதல் பிள்ளையோடு மூன்று மாதம் அம்மா வீட்டில் கிடந்தவள். அப்போது என் கால் எப்படி இருந்தது என்று என் வீட்டுக்காரரைக் கேட்டிருந்தால் அவரும் இதையேதான் சொல்லியிருப்பார். இது ஏன் என் மண்டையில் ஏறவில்லை? பட்டியலில் எத்தனை புருஷன்மார் நம்பர் இருக்கிறதோ, நினைக்கவே அசதியாக இருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

உள்ளே போய் அவளைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். புண்ணுக்கு மேலே, கணுக்காலுக்குப் பக்கத்தில் பஞ்சால் தொட்டேன். பிறகு ஊசி முனையால் தொட்டேன்.

"எப்பங்க தொடுவீங்க?" என்றாள்.

மருந்து செய்த வேலையோ, ஆபரேஷனுக்கு முன்பு வலியெடுத்தபோது குழந்தையின் தலை நரம்பை அழுத்தியதோ, என்னால் சொல்ல முடியவில்லை. முதல் வாரமே தெரிந்திருந்தால் அப்போதே பரிசோதித்திருக்கலாம், அந்தக் காலில் வெந்நீரும் விழுந்திருக்காது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"யார்கிட்டயும் சொல்லலையாம்மா?"

"வார்டுலயே நர்சம்மாகிட்ட சொன்னங்க. மருந்து எறங்கிடும்னாங்க. இன்னும் எறங்கலபோலன்னு இருந்துட்டேன்." பிறகு அவளே சொன்னாள். "நடக்கும்போது செருப்பு கழண்டு போனாகூடத் தெரியலங்க. கொழந்தையத் தூக்கிக்கினு உழுந்துடுவனோன்னு பயம். ஊட்டுக்குள்ளகூட அம்மாதான் தூக்கிக்கினு வந்து மடியில வெப்பாங்க."

அவள் சொன்னதைச் சீட்டில் எழுதினேன்.

"அந்த ஊசி போட்டது யாருங்க? முதுகுப் பக்கம் நின்னாங்க, மூஞ்சியப் பாக்கல."

"நான்தாம்மா."

அம்மாக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பெண்ணுக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலாம் போல இருந்திருக்கும். அவள் முகத்தில் ஒரு தெம்பு வந்தது.

"அப்ப ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குங்களே. நான் கொழந்தையத் தூக்கிக்கினு நடக்க எம்மா நாளு ஆவும்?"

"தெரியலம்மா" என்றேன்.

அவள் குழந்தையை அம்மாவின் கையில் கொடுத்தாள். பிறகு தன் கால் தரையைத் தொட்டுவிட்டதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே மேசையிலிருந்து இறங்கினாள்.