அண்ணி தைத்த செவ்வானம்

எங்கள் அண்ணி வேப்பனப்பள்ளிக்குப் பக்கத்தில், மாந்தோப்புகளுக்கு நடுவே இருந்த ஒரு சிற்றூரில் பிறந்தவர். 1950களின் தொடக்கத்தில் என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு, ஓசூர்ப் பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா காலமாகி அதிக நாள் ஆகவில்லை. அம்மா வெள்ளைச் சேலையில் இருந்தார். பேச்சே இல்லாத வீடு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசிக்கொண்டே வேலை செய்யும் அண்ணி வந்துதான் அதற்கு உயிர் வந்தது.

எங்கள் ஊர்க் குளிருக்கு எல்லா வீட்டிலும் பழந்துணியை அடுக்கிப் போர்வை தைப்பார்கள். அண்ணி தைத்தது வேறு மாதிரி. கோடு போட மாட்டார், அளக்க மாட்டார். பழைய வேட்டியை விரித்து, துணித்துண்டுகளை அதன்மேல் தூவிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார். பச்சைத் துண்டுகள் மெல்ல மெல்ல எங்கள் ஊர்ப் பக்கத்துச் சானமாவுக் காடாகும். அண்ணனின் சாம்பல் நிறச் சட்டை யானையாகும். காற்றில் ஒரு துண்டு நகர்ந்தால், நகர்ந்த இடத்திலேயே வைத்துத் தைப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு விழித்துக்கொண்டே கனவு காண்பதுபோல் இருக்கும்.

"யானைக்கு மூணு காலுதானே இருக்குது?" என்று அம்மா ஒருநாள் கேட்டார்.

"நாலாவது காலு மரத்துக்குப் பின்னால இருக்குதுங்க அத்தை."

வெகுநாளுக்குப் பிறகு அம்மா சிரித்தார். அந்த மகிழ்ச்சியில் பெட்டியிலிருந்த பழந்துணி மூட்டையை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டார். அதிலிருந்த கிழிந்த துப்பட்டிக்குள் தன் கூறைப்புடவையைச் சுற்றி வைத்திருந்தது அவருக்கு நினைவில்லை. இனி உடுத்த முடியாத சிவப்பு என்று கண்ணில் படாமல் ஒளித்து வைத்தது. அண்ணிக்கு அது தெரியாது. காட்டுக்கு மேலே செவ்வானம் வேண்டுமென்று பாதிப் புடவையை வெட்டிவிட்டார்.

மறுநாள் அம்மா அந்த வானத்தைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. விஷயம் புரிந்ததும் அண்ணி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அழுதார். அம்மா துணியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"கட்டிக்கத்தான் கூடாது. போத்திக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலயே. மீதியையும் வெட்டித் தை."

அதன்பின் அம்மா தூங்கியதெல்லாம் அந்தச் செவ்வானத்தின் கீழேதான். சில ஆண்டுகளில் அம்மா காலமானபோது, அண்ணி அந்தப் போர்வையை எடுத்து வந்தார். கைம்பெண்ணுக்குச் சிவப்பா என்று பங்காளிகள் குறுக்கே நின்றார்கள். பெரியவர்கள் முன் தலை நிமிராத அண்ணி அன்று நகரவில்லை.

"எங்க அத்தை தினமும் போத்திக்கிட்டது. இது இல்லாம அனுப்ப மாட்டேங்க."

போர்வை அம்மாவோடு போய்விட்டது. அதனால்தான் இன்று அண்ணியின் நினைவாகக் கூடியிருக்கும் உங்களில் பலர் அதைப் பார்த்ததில்லை.

அண்ணன் மறைந்த பிறகு அண்ணி தனியாளாகப் பிள்ளைகளைக் கரை சேர்த்தார். படுத்த படுக்கையாக இருந்த கடைசி மாதங்களில்கூட யாரையும் கடிந்து பேசவில்லை. அவரைக் கண்போல் பார்த்துக்கொண்ட மருமகள்களுக்கும், வேளை தவறாமல் உணவு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் நன்றி. இறுதி நாளில் பிள்ளைகள் தங்கள் தாய்க்குச் சிவப்புப் பட்டு உடுத்தினார்கள். அதைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் நின்ற எங்கள் பங்காளிப் பெரியவர்களுக்கு என் தனிப்பட்ட கும்பிடு.