கணவனுக்குக் கிடைத்த இடமாற்றம்

காலை ஏழு மணிக்கு உட்துறைமுக வீதியில் ஒரு ஸ்கூட்டர் வரும். முன்னால் பாடசாலைச் சேலையில் ரீச்சர். பின்னால், ஒரு கையில் ரீச்சரின் சாப்பாட்டுப் பையும் மறு கை ரீச்சரின் தோளிலுமாகப் போன் அக்கா. இறங்குதுறைக்குப் போகும் வழியில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருந்ததால் அவருக்கு அந்தப் பெயர். கடலில் விழுந்த போன்களோடு மீனவர்கள் வருவார்கள். அவர் பின்பக்கத்தைக் கழற்றி, உப்பைப் பார்த்துவிட்டு, "இதை மீனுக்கே குடுத்திட்டு வந்திருக்கலாமே, தம்பி" என்பார். பிறகு திருத்தியும் கொடுப்பார்.

நான் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தேன். ஒரு பத்திரிகைக்கு இந்த மாவட்டத்துச் செய்திகளையும் மரண அறிவித்தல்களையும் அனுப்புவது என் வேலை. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை நான் கேட்டதில்லை, அவர்கள் சொன்னதுமில்லை. எங்கள் ஊரில் ஒரு வீட்டில் இருக்கும் இருவருக்கு ஏதாவது ஓர் உறவுமுறை இருந்தாக வேண்டும். யாரோ ஒருவர் மச்சாள், அதாவது மைத்துனி, என்று தொடங்கிவைத்தார். கோயிலில் பாதிரியார் முதல் சந்தையில் மீன்காரர் வரை அதையே பிடித்துக்கொண்டார்கள். இந்த நாட்டின் சட்டம் அவர்களுடைய உறவைக் குற்றம் என்று சொல்லும். ஊர் சொன்ன பெயர் அதைவிட எவ்வளவோ நல்லது. அவர்கள் அதற்குள் பதினைந்து வருடம் வாழ்ந்தார்கள்.

போன் அக்காவின் மார்பில் கட்டி கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் அந்தப் பெயர் போதாமல் போனது. இங்குள்ள வைத்தியர் கொழும்புக்கு அனுப்பினார். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான். ஆனால் ஸ்கானுக்கு வரிசை நீளம். சில ஊசிமருந்துகள் இல்லாத மாதங்களில் வெளியே வாங்கச் சொல்வார்கள். ரீச்சரின் சம்பளத்தில் மாதாமாதம் காப்புறுதிக்குக் கழிக்கிறார்கள். அதில் போன் அக்காவைச் சேர்க்க வழியுண்டா என்று அறிந்துவரும்படி ஒரு மாலை ரீச்சர் என்னிடம் கேட்டார். "அவ எனக்கு ஆரெண்டு உங்களுக்குத் தெரியும். நான் போய்க் கேட்டா முகத்தைப் பாப்பினம். நீங்கள் பேப்பருக்குக் கேக்கிற மாதிரிக் கேளுங்கோ."

காப்புறுதி அலுவலகத்தில் கேட்டேன். "கலியாணம் முடிச்சவையெண்டா புருசன், பிள்ளையள். முடிக்காட்டித் தாய் தகப்பன்," என்றார் உத்தியோகத்தர். சேர்ந்து வாழும் சிநேகிதிக்கு? பக்கத்து மேசைக்காரர் தலையை நிமிர்த்தினார். "சிநேகிதிக்கும் குடுக்கிறதெண்டா மிஸ், பக்கத்து வீட்டு ஆட்டுக்கும் குடுக்கவேணும்." அறை முழுவதும் சிரித்தது. அவர் கெட்ட மனிதரல்ல. எனக்குத் தேத்தண்ணீரும் எடுப்பித்தார்.

அதன்பின் அவர்கள் ஊர் மாறுவதைப் பற்றிப் பேசினார்கள். சுவர் மெல்லியது, எனக்கும் கேட்டது. கொழும்பில் படிப்பிக்கும் ஓர் ஆசிரியை திருகோணமலைக்கு வர விரும்புகிறார் என்று அறிந்து, ஆளுக்கு ஆள் மாறும் இடமாற்றத்துக்கு ரீச்சர் பேசிப் பார்த்தார். அந்த ஆசிரியையின் கணவருக்குக் கொழும்பை விட மனமில்லை. கனடாவில் இருந்த ரீச்சரின் ஒன்றுவிட்ட சகோதரி, அங்கே பாடசாலைக் காப்புறுதியில் இரண்டு பேரையும் சேர்ப்பார்கள் என்றார். போன் அக்கா அதைக் கேட்டுச் சிரித்தார். "நான் உமக்கு ஆரெண்டு அங்க எழுதிக் குடுக்கவேணுமாம். இஞ்ச வாயால சொல்லேலாத கதையை அங்க எழுத்தில குடுக்கப்போறீரோ?" ரீச்சர், "குடுப்பன்" என்றார். ஆனால் விசாவுக்கு வருடக்கணக்காகும் என்றார்கள். கட்டி அவ்வளவு பொறுக்காது.

வழியைக் காட்டியவர் ரீச்சரின் தம்பி. மாவட்டச் செயலகமான கச்சேரியில் கோப்பு எழுதும் லிகிதர், நாற்பதைக் கடந்தும் தனியாள். ஒரு ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "அக்கா, எனக்கு மனுசி எண்டு ஒராள் இருந்தா என்ர காப்புறுதியில வருவா. எழுத்தை வைப்பம்," என்றார். எழுத்து என்பது இங்கே திருமணப் பதிவு. போன் அக்கா, "மாப்பிள்ளைக்கு மீன் வெட்டத் தெரியுமோ?" என்றார். "கலியாணம் உங்கட ரெண்டு பேருக்கும். நான் மாப்பிள்ளை வேலைக்கு மட்டும் வாறன். சாப்பாட்டை ஒழுங்காப் போடுங்கோ," என்றார் தம்பி. ரீச்சர் சிரிக்கவில்லை. தம்பியின் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தார். சம்மதம் அவ்வளவுதான்.

பதிவாளர் முன்னிலையில் சாட்சிக் கையெழுத்திட்டவர்கள் ரீச்சரும் நானும். பதிவாளர் ரீச்சரிடம், "தம்பிக்கு நல்ல இடமாப் பாத்திட்டீங்கள்," என்றார். "ஓம்," என்றார் ரீச்சர்.

காப்புறுதி கிடைத்தது. ஸ்கான் நேரத்துக்கு எடுக்கப்பட்டது, ஊசி வந்தது. அந்தச் சில மாதங்கள் ரீச்சரின் முகத்தில் நிம்மதியைக் கண்டேன். ஆனால் மருந்து அடிக்கடி ஏற்றவேண்டும் என்றபோது கொழும்பில் தங்கவேண்டி வந்தது. புது மனைவிக்குப் புற்றுநோய் என்று கேள்விப்பட்ட கச்சேரி மேலதிகாரி, இரக்கப்பட்டு, தம்பிக்கு உடனே கொழும்புக்கு இடமாற்றம் எடுத்துக் கொடுத்தார். ரீச்சரும் விண்ணப்பித்தார். சகோதரனின் மனைவியின் சுகவீனம் போதிய காரணமல்ல, நோயாளியுடன் கணவர் இருக்கிறார் என்று பதில் வந்தது. போன் அக்காவைக் காப்பாற்றச் செய்த ஏற்பாடே ரீச்சரை இங்கே நிறுத்திவைத்தது. இதை நாங்கள் நால்வரும் யோசித்திருக்கவேண்டும். மருந்துச் செலவைத் தவிர வேறெதையும் யோசிக்க அப்போது எங்களுக்கு நேரமிருக்கவில்லை.

தம்பியும் போன் அக்காவும் கொழும்பில் வாடகை அறையில் இருந்தார்கள். ரீச்சர் வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் பஸ் ஏறுவார். திங்கள் காலை வீங்கிய கண்களோடு முதலாம் பாடத்துக்கு நிற்பார். கடைசி மாதங்களில் வார்டுக்குள் ஓராளைத்தான் விடுவார்கள், அதுவும் கணவரை. தம்பி உள்ளே போய்ச் சிறிது நேரத்தில், சிகரெட் குடிக்கவேண்டும் என்று தாதியிடம் சொல்லி வெளியே வந்து அக்காவை அனுப்புவார். அவருக்குப் புகைப் பழக்கமே கிடையாது. வாசலில் சும்மா நிற்பார். சில நாட்களில் தாதி இரக்கப்பட்டு ரீச்சரை விடுவார். சில நாட்களில், கணவர் வரட்டும் என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

மரணம் ஒரு புதன்கிழமை நடந்தது. ரீச்சர் அப்போது பத்தாம் ஆண்டு வகுப்பில் இருந்தார். அறிவித்தலை எனக்குத் தொலைபேசியில் சொன்னவர் அவர்தான். எங்கள் அறிவித்தல்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு: முதலில் பெற்றோர், பிறகு கணவன், பிறகு சகோதரர், கடைசியில் மைத்துனர்கள். தம்பியின் பெயரைச் சொல்லி "அன்பு மனைவி" என்று எழுதச் சொன்னார். பிறகு, "என்னைக் கடைசி வரியில போடுங்கோ. அந்த இடம்தானே என்ர," என்றார். ஒழுங்கை மாற்றலாமா என்று கேட்டேன். "வேண்டாம். ஆக்கள் ஏன் எண்டு கேப்பினம். தம்பியைத்தான் கேப்பினம்." அறிவித்தலை அனுப்பும் முன் அந்த வரிக்குள் ஒரு சொல்லையேனும் கூட்ட வழி தேடினேன். கிடைக்கவில்லை.

அடக்கத்தன்று பெட்டிக்குப் பின்னால் தம்பி நடந்தார், முதல் பிடி மண்ணும் அவர் போட்டார். பெண்களுக்கு நடுவே வெள்ளைச் சேலையில் ரீச்சர் நின்றார். ஒரு மைத்துனி அழக்கூடிய அளவுக்கு அழுதார். மைத்துனியின் மரணத்துக்கு லீவும் அவ்வளவாக இல்லை. அடுத்த நாளே பாடசாலைக்குப் போனார்.

அன்று வேறொரு செய்திக்காக நான் அங்கே போயிருந்தேன். ஆசிரியர் அறையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். மூத்த ஆசிரியை ஒருவர் ரீச்சரின் கைகளைப் பிடித்துக்கொண்டார், உண்மையான கண்ணீர். "தம்பியைத் தனிய விடாதீங்கோ ரீச்சர். பாவம் மனுசன், கலியாணம் முடிச்சு எத்தினை நாள் வாழ்ந்தது? நீங்கள்தான் ஆறுதல் சொல்லவேணும்."

"சொல்லுறன்," என்றார் ரீச்சர். மணி அடித்தது. கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, வெண்கட்டியை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்.