பாதி விலை அடுப்பு

டிப்போவில் அவளுக்குச் செகண்டு அக்கா என்று பெயர். பேருந்துகள் புறப்படுகிற நேரத்தையும் திரும்புகிற நேரத்தையும் எழுதி வைக்கும் டைம்கீப்பர் வேலை. ஐந்து நாற்பது வண்டி ஐந்து நாற்பத்தொன்றுக்குக் கிளம்பினால் அந்த ஒரு நிமிடம் எங்கே போனது என்று ஓட்டுநரைக் கேட்பாள். டீ குடித்தேன் என்று சொன்னால், டீக்கு நாற்பது செகண்டு போதும், மிச்சம் இருபது எங்கே என்பாள். தாமதமான வண்டிக்குச் சிவப்பு மையில்தான் எழுதுவாள். கோபம் மூக்குக்கு மேல் வரும். ஆனால் யார் வீட்டிலாவது உடம்பு சரியில்லை என்றால் அவருடைய ஷிஃப்டை மாற்றித்தரச் சொல்லி மேலாளரிடம் சண்டைக்குப் போகிறவளும் அவள்தான். அதனால் அவளை வைதுகொண்டே மதித்தார்கள்.

அவளுடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்கியவன் நான் என்பதுதான் தன்னைப் பற்றி அவர் அடித்துக்கொண்ட ஒரே தம்பட்டம். மற்றபடி கல்லுளிமங்கன். அவள் பத்து வார்த்தை பேசுகிற இடத்தில் அவரிடமிருந்து ஒரு 'ம்' வந்தால் அதிகம். வேலையில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. லிஃப்ட் குழியில் சின்னத் திருகாணி கைதவறி விழுந்தால் அதோடு போச்சு, தேடி எடுக்க முடியாது. அதனால் கழற்றிய எதையும் கைக்குட்டை நுனியில் முடிந்து வைத்துக்கொள்வார். துணி துவைக்கிற நாளில் அந்த முடிச்சுகளை அவிழ்த்து அவிழ்த்து அவளுக்கு நகம் தேய்ந்தது.

இருவருக்கும் பொதுவாக இருந்த ஒரே பைத்தியம் மலை நடை. வருடத்துக்கு ஒரு முறை பத்து நாள் விடுப்பு எடுத்து, கூடாரத்தையும் அடுப்பையும் முதுகில் சுமந்துகொண்டு கிளம்பிவிடுவார்கள். வீட்டில் அடுப்பு இல்லாத மாதிரி காட்டுக்குப் போய்ச் சமைக்கிறார்கள் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். நடையில் நேரம் அவள் பொறுப்பு, அடுப்பு அவர் பொறுப்பு. பத்து வருடத்தில் ஒரு முறைகூட அந்த அடுப்பை அவள் பற்றவைத்ததில்லை.

அது பல எரிபொருளில் எரிகிற அடுப்பு. ஒரு குப்பி, ஒரு பம்ப், மடித்தால் உள்ளங்கையில் அடங்குகிற மூன்று கால். மலையேறுவதை விட்டுவிட்ட ஒருவரிடம் அதைப் பாதி விலைக்கு வாங்கினார். பெட்ரோல் ஊற்றலாம், மண்ணெண்ணெய் ஊற்றலாம், காஸ் குப்பியும் மாட்டலாம். மலை ஊர்களில் காஸ் குப்பிக்கு எங்கே போவது? மண்ணெண்ணெய் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். ஆகவே அவர்கள் மண்ணெண்ணெயைத் தவிர வேறெதையும் அதில் ஊற்றியதில்லை.

கடைசியாக அவர்கள் போனது ஒரு கணவாயைத் தாண்டுவதற்கு. அவள் பல வருடமாக ஆசைப்பட்ட கணவாய். மூன்றாம் நாள் மாலை கணவாய்க்குக் கீழே உள்ள கல் குடிலுக்கு வந்து சேர்ந்தார்கள். அதற்கு மேலே ஓடைகூடக் கிடையாது, பனிக்கட்டிதான். உருக்கினால்தான் தண்ணீர். அன்று அவள் கட்டி உடைத்து எடுத்துவரப் போயிருந்தாள். திரும்பி வந்து பார்த்தால் அடுப்பு மஞ்சளாக எரிந்து கரியைக் கக்கிக்கொண்டிருந்தது. முந்தின நாள் மாலை வரை நீலமாக எரிந்த அடுப்பு. அவர் குனிந்து எதையோ திருகினார், ஊதினார், மறுபடி பற்றவைத்தார். மறுபடியும் புகைதான். குடில் நிறைந்து இரண்டு பேரும் வெளியே ஓடிவந்து இருமினார்கள். அடுப்பு இல்லையென்றால் தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லையென்றால் இறங்க வேண்டியதுதான். அது அவளே போட்ட விதி.

அன்றைக்கு அவள் வாய் சும்மா இருக்கவில்லை.

"பாதி விலைக்குக் கிடைச்சதுன்னு வாங்கினா அது பாதி வழிதான் வரும்."

அவர் கரி படிந்த கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தப்பு என் மேலதான். அடுத்த வருஷம் நல்லதா ஒண்ணு வாங்கிடலாம்."

இறங்கினார்கள். ஏழு மாதம் கழித்து, ஒரு காலைப் பொழுதில், சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது அவர் விழுந்தார். இதயம் ஒரு வருடத்துக்கு மேலாகவே பழுதாகி வந்திருக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று எப்போதாவது சொன்னாரா என்று மருத்துவர் கேட்டார். இல்லை என்றாள். சொல்லாதவர் சொல்லவில்லை, கூடவே இருந்த எனக்குத் தெரியவில்லையே என்று அவள் தன்னைத் திட்டியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக அடுப்பைத் திட்டினாள். துக்கத்துக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொன்னாள்: அந்த அடுப்பு மட்டும் ஒழுங்காக எரிந்திருந்தால் மனுஷன் அந்தக் கணவாயையாவது பார்த்துவிட்டுப் போயிருப்பார். வந்தவர்கள் இது ஏதோ சோகத்தின் பிதற்றல் என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். இரண்டு வருடமாக அதையே சொன்னாள்.

இந்த வருடம் மறுபடி அந்தக் கணவாய்க்குப் போவது என்று முடிவெடுத்தாள். ஒரு வழிகாட்டியோடு எட்டுப் பேர் போகிற குழு அது. கூடாரம் முதல் அடுப்பு வரை அவரவர் சுமை அவரவருக்கு. அவர் பாதியில் விட்டதைத் தான் முடித்துவைக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் மனதில் இருந்தது. முழங்கால் இன்னொரு வருடம் பொறுக்காது என்பதும் தெரியும். மகள் சம்மதித்தாள், ஆனால் ஒரு நிபந்தனையோடு. நல்ல அடுப்பு வாங்கி, வெளியே காற்றில் வைத்து, யார் உதவியும் இல்லாமல் அம்மா அதைப் பற்றவைத்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் மலை வேண்டாம்.

டிப்போவில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். டீசலில் எரிகிறதை வாங்குங்க அக்கா, இங்கேயே ஊத்திக்கலாம் என்றார் ஒரு மூத்த ஓட்டுநர். அவளுக்கு ஏற்கெனவே ஒரு பட்டியல் இருந்தது. மலையிலிருந்து இறங்கிய பிறகு அவர் எழுதி வைத்தது. கையில் இருக்கிற பணத்துக்குள் வரக்கூடிய நான்கு அடுப்புகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அவர் கையெழுத்தில் ஒரு வரி. முதலாவது: எடை குறைவு, விலை நம்மை எடை போடும். இரண்டாவது: நன்றாக எரியும், பக்கத்துக் கூடாரம் தூங்காது. மூன்றாவது: மலிவு, பம்ப் பிளாஸ்டிக், குளிரில் வெடிக்கலாம். நான்காவது: படம் நன்றாக இருக்கிறது. கடைசியில் ஒரு கோடு போட்டு, ஐந்தாவதாக எழுதியிருந்தார்: நம்முடையது, குறை இல்லை.

அந்த வரியை முதலில் படித்த அன்றே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தும் பிடிவாதம் விடவில்லை பார் என்று சிவப்பு மையால் அதை அடித்துவிட்டாள்.

மலை நடைச் சாமான்கள் விற்கிற கடை ஒரு சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கடையை நடத்துகிற பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். விரல் நுனியெல்லாம் கரி. அவளிடம் ஒரு வழக்கம். பழைய அடுப்பைக் கொண்டுவராமல் யாருக்கும் புது அடுப்பு விற்கமாட்டாள். பழையது எதனால் செத்தது என்று தெரியாமல் புதியதை விற்றால் அதையும் அதே மாதிரி சாகடித்துவிட்டு என்னிடம்தான் வந்து நிற்பார்கள் என்பாள். செகண்டு அக்காவுக்கு இது பிடித்திருந்தது. தன்னைப் போலவே காரணம் கேட்கிற ஒருத்தி. விலை குறையும் என்று இன்னொரு கணக்கும் இருந்தது. பழைய குப்பி புது அடுப்புக்குப் பொருந்தினால் குப்பியின் விலை மிச்சம்.

பட்டியலில் மலிவு என்று இருந்த மூன்றாவது அடுப்பைக் காட்டச் சொன்னாள். கடைக்காரப் பெண் அதை எடுக்கவே இல்லை. பழைய அடுப்பை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், குப்பியில் மண்ணெண்ணெய் ஊற்றி, பம்ப் அடித்து, அடியில் உள்ள கிண்ணத்தில் ஸ்பிரிட் எரித்துச் சூடாக்கி, திருகைத் திறந்தாள். மஞ்சள் தீ. கரி. அதே புகை, அதே நாற்றம். செகண்டு அக்கா இரண்டு அடி பின்னால் போனாள்.

"பாத்தீங்களா? இதைத்தான் நான் ரெண்டு வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்."

கடைக்காரப் பெண் குனிந்து தீயின் நிறத்தைப் பார்த்தாள். அணைத்து, ஆறவைத்து, நடுவில் இருந்த சின்னப் பித்தளைத் திருகாணியைச் சாவியால் கழற்றினாள். எரிபொருள் பீய்ச்சி வருகிற துளை உள்ள பாகம் அது. ஜெட் என்பார்கள். பூதக்கண்ணாடி வைத்து அதன் தலையில் இருந்த எண்ணைப் படித்தாள். பிறகு நீங்கள் பெட்ரோல் ஊற்றுவீர்களா என்று கேட்டாள். ஒரு நாளும் இல்லை, மண்ணெண்ணெய்தான் என்றாள் இவள்.

"இது பெட்ரோல் ஜெட்டும்மா. துளை பெருசு. இதை வச்சு மண்ணெண்ணெய் ஊத்தினா எந்த அடுப்பும் இப்படித்தான் எரியும். மத்தபடி அடுப்புல ஒரு குறையும் இல்ல."

மண்ணெண்ணெய் ஜெட் எங்கே என்று அவள் கேட்டாள். உபரி ஜெட்டுகள் கருவிப் பையில் இருக்கும், தேடிப் பாருங்கள் என்றாள் கடைக்காரப் பெண். பையில் இல்லை. யாரோ தெரியாத கை மாற்றிப் போட்டிருக்கும், அடுப்பைப் புழங்கியவர் புதியவரா என்று அந்தப் பெண் சாதாரணமாகத்தான் கேட்டாள். அவரா புதியவர்? பத்து வருடம் அந்த அடுப்பைக் கழற்றி மாட்டியவர். வாழ்நாளெல்லாம் ஆயிரம் திருகாணிகளை அதனதன் இடத்தில் போட்டவர். அவர் ஒரு தவறு செய்யமாட்டாரா என்றால், செய்யலாம். ஆனால் நீலமாக எரிந்த அடுப்பில், ஒரே நாளில், யாருமே இல்லாத மலையில், ஜெட் தானாக மாறாது.

புது அடுப்பு வாங்காமல் அவள் வீட்டுக்குப் போனாள்.

கதவுக்குப் பின்னால் அவருடைய மலைக் கோட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வருடமாக அவள் அதைத் துவைக்கவில்லை. துவைத்தால் வாசம் போய்விடும் என்ற பயம், வேறொன்றும் இல்லை. உள்பையில் கையை விட்டாள். கைக்குட்டை இருந்தது. அதன் நுனியில் ஒரு முடிச்சு.

நகத்தால் அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்ததால் நேரமானது. எத்தனை செகண்டு என்று எண்ணத் தோன்றவில்லை. உள்ளே பட்டாணி அளவு பித்தளை ஜெட். எறிந்துவிட்டு வந்திருக்கலாம், மலையில் யார் பார்க்கப் போகிறார்கள்? நல்ல பாகத்தை எறிய அவருக்கு மனம் வந்திருக்காது.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. மூன்றாம் நாள் ஏற்றத்தில் அவர் நான்கு முறை குனிந்து ஷூ நாடாவைக் கட்டியது. நாடா சரியாக இருக்கிறதே என்று இவள் கேட்டபோது அவர் ஒரு 'ம்' சொன்னது. நீ போய் ஐஸ் உடைச்சுட்டு வா, நான் அடுப்பைப் பாக்கறேன் என்று அவர் அவளை அனுப்பியது. என்னால் முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அந்த நிமிடமே அவரை இறக்கியிருப்பாள், வழியெல்லாம் பயந்து செத்திருப்பாள், இனி மலையே வேண்டாம் என்று சத்தியம் செய்திருப்பாள். அது அவருக்குத் தெரியும். ஆகவே பழியை அடுப்பின் மேல் போட்டார். அடுப்பை வாங்கியவர் தான் என்பதால் பழி சுற்றிவந்து தன் மேலேயே விழும் என்பதும் தெரிந்துதான் செய்தார். அவள் வாய்க்கு வந்தபடி திட்டினாள், அவர் வாங்கிக்கொண்டார். அவள் படுக்கையில் உட்கார்ந்து, வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு அழுதாள். அவர் போன அன்றுகூட அப்படி அழவில்லை.

மாலை மகள் வந்து எந்த அடுப்பு வாங்கினாய் என்று கேட்டாள். அவள் கைக்குட்டையையும் ஜெட்டையும் மேசைமேல் வைத்து நடந்ததைச் சொன்னாள். மகள் ஜெட்டை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள்.

"அப்பா ஏம்மா நம்மகிட்ட சொல்லல?"

"சொன்னாருடி. எழுதியே வச்சிருக்காரு. நான்தான் அடிச்சுட்டேன்."

பட்டியலை எடுத்துவந்து சிவப்புக் கோட்டுக்கு அடியில் இருந்த வரியைக் காட்டினாள். அதன் பிறகு மூன்று வாரம், தினமும் டிப்போவிலிருந்து வந்ததும், பால்கனியில் அந்த அடுப்போடு மல்லுக்கட்டினாள். ஜெட்டை மாற்றக் கற்றாள், பம்ப்பின் தோல் வாஷருக்கு எண்ணெய் விடக் கற்றாள், இரண்டு முறை புருவத்தைப் பொசுக்கிக்கொண்டாள். கடைசியில் நீலமாக, சீரான இரைச்சலோடு எரிந்தது. மகள் பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

கல் குடில் அப்படியே இருந்தது. சுவரில் பழைய கரி. அது யார் வைத்த கரி என்று அவளுக்குத் தெரியும், கூட வந்தவர்களிடம் சொல்லவில்லை. அன்று குளிர் கடுமை. குழுவில் மற்றவர்களின் காஸ் அடுப்புகள் சோகை பிடித்து எரிந்தன. அவள் வெளியே ஒரு பாறை மறைவில் உட்கார்ந்து, பம்ப் அடித்து, ஸ்பிரிட் எரித்து, திறந்தாள். நீலத் தீ. ஒரு சட்டி பனிக்கட்டி உருகி முடிப்பதற்குள் மற்ற ஏழு பேரும் பாத்திரத்தோடு அவளைச் சுற்றி நின்றார்கள். அந்த மாலை முழுவதும் எல்லோருக்கும் தண்ணீர் உருக்கினாள். அவர் அன்றைக்கு அந்தக் குடிலுக்குள்தான் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் விட்டது எதுவும் இங்கே பாக்கி இல்லை, தான் முடித்துவைக்க வந்தது அந்த அடுப்பின் மேல் போட்ட பழியைத்தான் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

வரிசையில் கடைசியாக நின்றவர் வங்கியில் வேலை செய்கிறவர். நானும் இப்படி ஒன்று வாங்கப் பார்க்கிறேன், அதிக விலை கட்டாது, பழைய அடுப்பாகக் கிடைத்தாலும் சரிதான் என்றார். பிறகு அடுப்பைக் குனிந்து பார்த்து, இதை நம்பலாமா என்று கேட்டார்.

அவள் தீயைக் கொஞ்சம் குறைத்தாள்.

"எங்க வீட்டுக்காரர் வாங்கினது. பாதி விலைதான். பன்னிரண்டு வருஷத்துல ஒரு நாள்கூட இது எங்களைக் கைவிட்டதில்ல."