லயத்து வீட்டுக்கு ஓர் உயில்

அப்பா உயில் எழுதக் கிளம்பிய அன்று நான் பட்டுச்சேலை கட்டாத குறைதான். அவர் காலத்துக்குப் பிறகு வீடு எனக்கென்று முடிவாகிவிட்டது. இதற்காக அண்ணனும் நானும் ஒரு வருஷமாகப் பேசுவதில்லை. அவனுக்குத் திருப்பூரில் நல்ல வேலை, சம்பாதிக்கிற பெண்டாட்டி. நான் புருஷனை விட்டு வந்தவள், துணிக்கடையில் நின்று பிழைக்கிறவள். யாருக்கு வீடு வேண்டும், நீங்களே சொல்லுங்கள். கத்திக் கத்தியே அப்பாவைச் சம்மதிக்க வைத்தேன்.

கூடலூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிய லயத்து வீடு அது. சிலோனிலிருந்து வந்த தாத்தா அதில் குடியேறினார். அவர் ஓய்வு பெற்றதும் வேலை அப்பாவுக்கு வந்தது, வீடும் கூடவே வந்தது. அப்புறம் அது பரம்பரைச் சொத்து இல்லாமல் வேறென்ன? பின்பக்கம் சமையலறையை அப்பாதான் இழுத்துக் கட்டினார், தரைக்கு சிமெண்ட் போட்டார். அடுத்த மாதம் அவருக்கும் ஓய்வு.

நானும் அப்பாவும் தேடிப்போன பத்திரம் எழுதுகிறவர் நிதானமான மனிதர். இப்போதே மகள் பேருக்கு மாற்றுவதென்றால் செட்டில்மென்ட், இறந்த பிறகு போய்ச் சேரவேண்டுமென்றால் உயில் என்று விளக்கினார். உயில்தான் என்றார் அப்பா. எழுதிக்கொண்டே வந்தவர் சர்வே நம்பர் கேட்டார்.

"ஏழாம் நம்பர் லயம், மூணாவது காம்பரா வீடு" என்றார் அப்பா, கம்பீரமாக.

பேனா நின்றது. பட்டா இருக்கிறதா என்றார். சிலோனிலிருந்து வந்தபோது தாத்தாவுக்கு அரசாங்கம் கொடுத்த குடும்ப அட்டையை அப்பா எடுத்து நீட்டினார். பத்திரம் எழுதுகிறவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"ஐயா, இது எஸ்டேட் ஊடுங்க. வேலையில இருக்கற வரைக்குந்தான் உங்களுக்கு. ரிட்டயர் ஆனா காலி பண்ணிக் குடுத்தரோணுங்க."

இவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அவரோ பொறுமையாக மறுபடியும் அதையே சொன்னார். அப்பா எழுந்து வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தார்.

நான் அங்கேயே நின்று அண்ணனுக்கு போன் போட்டேன். வீடு உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை, அடுத்த மாதம் காலி செய்யவேண்டுமாம் என்று மூச்சுவிடாமல் கொட்டினேன். நன்றாக வேண்டும் என்பான் என்று நினைத்தேன்.

அவனோ, "அப்பா எங்க இருப்பாரு?" என்றான்.

அதுவரை எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். படியில் இருந்தவரின் முகத்தைப் பார்க்க எனக்கு தைரியம் வரவில்லை.