நிப்லாவின் நாற்பத்தொரு மில்லிமீட்டர்

பதுளை பஸாரில் பள்ளிக்கூடச் சட்டை தைக்கக் கொடுக்கும் தாய்மார் எல்லாருக்கும் றஷீனாவைத் தெரியும். வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும் பெண். "வளர்ற புள்ள, மடிப்பு மூணு அங்குலம் வெச்சிரிக்கேன். அடுத்த வருஷம் அவிழ்த்துக்கலாம்" என்று சொல்லித்தான் சட்டையைக் கொடுப்பாள். பிள்ளைகள் வளர்வதில் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். தன் மகளின் உடம்பில் மட்டும் ஓரிடம் வளரவே கூடாது என்று அவள் இறைவனிடம் துஆ கேட்கத் தொடங்கி ஒரு வருடமாகிறது.

இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி என்ற இரத்தக்குழாய்தான் அந்த இடம். மகள் நிப்லாவுக்குப் பதினெட்டு வயது. நெடுநெடுவென்ற உயரம், நீண்ட விரல்கள். மூக்குக்கண்ணாடி மாற்றப் போனபோது கண் டொக்டர் விழிவில்லை விலகியிருப்பதைப் பார்த்து, இதய கிளினிக்குக்கு அனுப்பினார். அங்கே யாழ்ப்பாணத்து டொக்டர் ஆர்த்திகா அவளுடைய வாப்பாவைப் பற்றிக் கேட்டார். றஷீனாவின் கணவன் வாஹித் மொனராகலை பஸ்ஸில் நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்து உயிர்விட்டு ஒன்பது வருடம். மறுநாளே றஷீனா பழைய அளவுப் புத்தகத்தோடு போய் நின்றாள். அதே உயரமுள்ள மற்ற ஆண்களைவிட வாஹித்தின் சட்டைக்கை மூன்று அங்குலம் நீளம். நீண்ட கைகளும் பரம்பரை நோயொன்றின் அடையாளம் என்று டொக்டர் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு நிப்லாவின் இரத்தம் கொழும்புக்குப் போய், மாஃபன் நோய் என்று உறுதியாகி வந்தது.

"ஃபைப்ரிலின் எண்டொரு புரதம், அக்கா. குழாய்ச் சுவரில இருக்கிற இழையளை அதுதான் தாங்குது. அதுக்குரிய மரபணுவில ஒரு சின்னப் பிழை" என்றார் ஆர்த்திகா.

"அப்ப இலாஸ்டிக் பழுது. அதானே?"

"அது பாதிதான். உடம்புக் கலங்களுக்கு வளரு, மாறு எண்டு சொல்லுற ஒரு பொருளை இந்தப் புரதம்தான் கட்டி வைச்சிருக்கும். கட்டுத் தளர்ந்தா அது ஓயாமல் உத்தரவு போடும். சுவர் தன்னைத்தானே அரிச்சு, வீங்கிப்போகும்."

றஷீனா யோசித்தாள். "நூலும் பழுது, கத்திரிக்கோலும் கட்டவிழ்ந்து திரியிது."

டொக்டர் சிரித்துவிட்டார். "இனி எல்லாருக்கும் இப்பிடித்தான் சொல்லப்போறன்."

குழாய் வீங்கும் வேகத்தை மாத்திரை குறைக்கும். குழாயின் அகலம் நாற்பத்தொரு மில்லிமீட்டர். கிடுகிடுவென்று கூடினால் நெஞ்சைத் திறந்து குழாயை மாற்ற வேண்டும். அடுத்த ஸ்கேன் ஒரு வருடத்தில்.

ஒரு வருடம் யார் காத்திருப்பது? அங்கேதான் நம் தையல்காரி தன் புத்தியைக் காட்டினாள். வெள்ளிதோறும் மகளை நிற்க வைத்து, நெஞ்சைச் சுற்றி அளவுநாடாவைப் போட்டாள். கேட்டால் புதுச் சட்டைக்கு என்பாள். சட்டையோ வந்தபாடில்லை. நோன்புப் பெருநாள் கழிந்த வெள்ளியன்று நாடா அரை அங்குலம் கூட்டிக் காட்டியது. மூன்று தரம் அளந்தாள். அதே அரை அங்குலம். பாதியில் நின்ற தையலை அப்படியே போட்டுவிட்டு மகளை ஓட்டோவில் ஏற்றினாள்.

"கூடிட்டு டொக்டர். அரை அங்குலம்."

ஆர்த்திகாவுக்கு முகம் மாறிவிட்டது. "எங்க ஸ்கேன் எடுத்தனீங்கள்?"

றஷீனா கழுத்தில் தொங்கிய நாடாவைக் காட்டினாள்.

நிப்லாவுக்கு இப்போதுதான் விஷயம் விளங்கியது. "உம்மா, அது பெருநாளைக்கு நீங்க ஊட்டின வட்டிலப்பம்."

டொக்டர் சிரிப்பை அடக்கப் பெரும்பாடுபட்டார். "இது வெளியில அளக்கிற சாமான் இல்லையக்கா. சரி, வருஷமும் முடியுதுதானே, பாப்பம்" என்று ஸ்கேனில் படுக்க வைத்தார். திரையில் ஒரு தரம் அளந்தார், மறுபடி அளந்தார். றஷீனா நாடாவின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"நாற்பத்தொண்டு."

"போன வருஷம்?"

"நாற்பத்தொண்டுதான். ஒரு மில்லிமீட்டரும் கூடேல்லை."

"இன்னொருக்கா அளங்க டொக்டர்."

அளந்தார். நாற்பத்தொன்றேதான். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லும்போதே றஷீனாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டையும் அவள் மறைக்கவில்லை.

"அப்ப என்ட புதுச் சட்டை?" என்றாள் நிப்லா, எழுந்துகொண்டே.

மறுநாளே துணி வெட்டினாள் றஷீனா. வட்டிலப்பத்தின் அரை அங்குலத்தையும் சேர்த்தே வெட்டினாள். கீழ் மடிப்புக்கு மூன்று அங்குலம் விடுவதைப் பார்த்து நிப்லா கேட்டாள்: "எனக்குப் பதினெட்டாச்சு உம்மா. இனி என்னத்துக்கு மடிப்பு?"

"அடுத்த வருஷம் அவிழ்த்துக்கலாம்" என்று றஷீனா மெஷினை மிதித்தாள்.