கியர் ராடில் தொங்கிய பை

ஊரடங்கு போட்ட அந்தப் பங்குனியில் நான் பகலில் வண்டியிலேயே தூங்கப் பழகினேன். வீட்டுக்கு எதிரே வேப்ப மரத்தடியில் என் வேன் நின்றுகொண்டிருந்தது. மஞ்சள் திரையை இழுத்து விட்டால் உள்ளே எப்போதும் சாயங்காலம். சீட்டுக்கு அடியில் எப்போதோ தூவிய அட்சதை கிடக்கும், காய்ந்து சுருண்ட மல்லிகை கிடக்கும். வெளியே திண்டிவனம் பைபாஸில் லாரிச் சத்தம் அறவே நின்றுவிட்டிருந்தது. பிறந்ததிலிருந்து கேட்ட இரைச்சல் அது. அது போனதும் ஊரே கொஞ்சம் தரையை விட்டு மேலே எழும்பி மிதக்கிற மாதிரி இருந்தது. அந்த மிதப்பிலேயே எனக்குக் கண் சொருகும்.

கனவில் எப்போதும் ஒரே பயணம்தான். மயிலம் மலைக்குக் கல்யாணக் கூட்டத்தை ஏற்றிப் போவேன். விழித்திருந்தபோதும் என் தொழில் அதுதான். முகூர்த்த நாளில் மலையில் ஒரு தாலிக்கும் அடுத்த தாலிக்கும் இடையே மூச்சு விட நேரமிருக்காது. யார் வீட்டு மேளம் எது என்று மாப்பிள்ளைக்கே குழம்பிப்போகும். கனவில் மட்டும் மேளக்காரர்கள் ஊதுவார்கள், சத்தம் வராது. வண்டி நிறைய ஜனம் இருக்கும், யாருக்கும் முகம் இருக்காது. பயமாக இருக்காது, சுகமாகவே இருக்கும்.

அரசாங்கம் எங்களை ஒரேயடியாக மறந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். வண்டிக் கடன் தவணையைச் சில மாதம் கட்ட வேண்டாம் என்று செய்தி வந்தது. சந்தோஷத்தில் விழுப்புரத்தில் கடன் கொடுத்த பைனான்ஸ் ஆபீசுக்குப் போன் செய்தேன். வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் சார் என்று அந்தப் பெண் மென்மையாகச் சொன்னாள். வண்டி நின்றது, வட்டி ஓடியது.

ரேஷன் அட்டைக்குப் பணமும் அரிசியும் பருப்பும் எண்ணெயும் தருவதாகவும் அறிவித்தார்கள். டோக்கனை வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எங்கள் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் நின்றவர்கள் எங்கள் வாசலில் மட்டும் நிற்கவில்லை. என் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு அவர்கள் கடந்து போவதைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

எல்லாம் என் திமிர். வேன் வாங்கிய மாதம் ரேஷன் வரிசையில் நின்றபோது பின்னாலிருந்து யாரோ, "வேன் வாங்கினவனுக்கு எதுக்குய்யா ரேஷன் அரிசி?" என்று கேட்டுவிட்டார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. எந்தப் பொருளும் எனக்கு வேண்டாம் என்று எழுதித் தருகிறேன் என்று அங்கேயே கத்தினேன். கோபத்தில் எழுதாதீர்கள், பிறகு மாற்றுவது பெரிய பேஜாரு என்று கடைக்காரர் இரண்டு முறை சொன்னார். கேட்டேனா? எழுதிக் கொடுத்து, எதுவும் வாங்காத கௌரவ அட்டையாக மாற்றிக்கொண்டேன். அதை வண்டிச் சாவியோடு சேர்த்து மாட்டி வைத்து ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

என் டிரைவர் மயிலத்தைத் தாண்டி ஒரு கிராமத்துக்காரன். வேன் வாங்கிய நாளிலிருந்து, எட்டு வருடமாக என்னோடு இருக்கிறான். டிரைவர்கள் நலவாரியத்தில் பதிந்துகொள்ள என் கையெழுத்து வேண்டும் என்று ஒருமுறை வந்து நின்றான். அந்த அட்டையை வைத்து நாக்கு வழிக்கப் போகிறாயா என்று கேலி செய்துகொண்டே போட்டுக் கொடுத்தேன். இப்போது அந்த அட்டைக்கும் நிவாரணம் வந்தது, அவன் ரேஷன் அட்டைக்கும் வந்தது. நான் அவனுக்குச் சம்பளம் தராத மாதங்கள் அவை. ஒருநாள் போன் செய்து, வீட்டில் அரிசி இருக்கிறதா என்று கேட்டான். மூட்டை மூட்டையாக இருக்கிறது, உன் வேலையைப் பார் என்றேன். அன்றைக்கு என் மனைவி கஞ்சியில் இன்னும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியிருந்தாள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாண வீட்டார் வண்டியை விட்டு இறங்கும்போது டிரைவருக்கு ஒரு தாம்பூலப் பை கொடுப்பார்கள், ஓனர் வீட்டுக்கும் ஒன்று கொடுத்தனுப்புவார்கள். தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு லட்டு இருக்கும். ஓனர் பையை அவன் கியர் ராடில் மாட்டிவிட்டுச் சாவியை என்னிடம் தருவான். வண்டியைத் துடைக்கப் போகும்போது நான் எடுத்துக்கொள்வேன். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

ஒரு மத்தியானம் வண்டியில் கண் விழித்தபோது கியர் ராடில் மஞ்சள் பை ஒன்று தொங்கியது. ஏதோ பழைய கல்யாணத்துப் பை, யாரோ மணமக்கள் பெயர் பாதி அழிந்திருந்தது. கனவு இன்னும் முடியவில்லை என்றுதான் நினைத்தேன். எழுந்து போய்த் தொட்டேன், கனத்தது. மேலே ஒரு தேங்காய், அடியில் அரிசி. மூக்கருகே கொண்டுபோனதும் தெரிந்துவிட்டது, ரேஷன் அரிசி. அந்த வாசனையை விட்டு நான் எட்டு வருடம் தள்ளி வந்திருந்தேன்.

சுர்ரென்று ஏறியது. போனைப் போட்டு, எனக்குப் பிச்சை போடுகிறாயா என்று கத்தினேன். அவன் சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது. மூச்சு வாங்கியது.

"இன்னிக்கு முகூர்த்தம்ங்க ஓனரே. நம்ம வண்டிக்கு புக்கிங் இருந்த நாளு. அதான் வண்டிப் பையக் கொண்ணாந்து மாட்டிட்டு வர்றேன்."

போனை வைத்தேன். காலண்டரில் பார்த்தேன், முகூர்த்தம்தான். அன்று இரவு சோறு வடித்தாள் என் மனைவி. பல நாள் கழித்துத் தட்டில் பருக்கை பருக்கையாகச் சோறு. எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை. கல்யாணச் சாப்பாடு என்று நான் சொன்னதும் ஒரு மாதிரியாகச் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

அதன் பிறகு முகூர்த்த நாளெல்லாம் பை வந்தது. அவன் வருவதை நான் பார்த்ததேயில்லை. வேண்டுமென்றே தூங்கினேன் என்பதுதான் நிஜம். நடக்காத கல்யாணங்களுக்கு என் வண்டி போய் வந்துகொண்டிருந்தது. அவற்றின் பையை நாங்கள் தின்றுகொண்டிருந்தோம். பார்க்காதவரை என் கௌரவத்துக்கு ஒரு குறையும் இல்லை.

சித்திரையில் ஒரு முகூர்த்தத்துக்குப் பை வரவில்லை. இரண்டு நாள் பொறுத்தேன். போனும் லைன் கிடைக்கவில்லை. அவனுக்குத் தொற்று வந்துவிட்டதோ என்று பயந்து, டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஆளில்லாத ரோட்டில் மயிலம் மலை வெயிலில் தூங்கியது. கோயில் சாத்தியிருந்தது. மேளம் இல்லாத மலையை அன்றுதான் பார்த்தேன். கனவில் ஊதிய மேளக்காரர்கள் இங்கேதான் எங்கேயோ ஒளிந்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

அவன் வீட்டில் இல்லை, ஏரி வேலைக்குப் போயிருந்தான். அவன் மனைவியும் இரண்டு மகள்களும் கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள். தொட்டுக்கொள்ள வெங்காயம். என்னைப் பார்த்ததும் அவள் எழுந்து, உள்ளே வாருங்கள் அண்ணா என்றாள்.

"சைக்கிள் டியூப்பு போச்சுண்ணா. கடை ஒண்ணும் தொறக்கல. போனும் ரிப்பேரு. உங்க பைய இன்னும் குடுக்கலியேன்னு பொலம்பிக்கினு இருக்காரு. இதோ இருக்குது, எடுத்துக்கினு போங்க."

சுவரில் ஆணியில் அந்தப் பை தொங்கியது. அரிசியால் புடைத்திருந்தது. அதற்கு நேர் கீழே உட்கார்ந்து அந்தப் பிள்ளைகள் கூழ் குடித்தார்கள்.

வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் அவன் இத்தனை நாள் மிதித்த சைக்கிளுக்கு மரியாதை இல்லை. எடுத்துக்கொள்ளலாம். எடுத்தால் எனக்கு மரியாதை இல்லை. என் மரியாதைதானே, போகட்டும் என்று எடுத்துக்கொண்டேன். மலை அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அழுதேன். முகக்கவசம் நனைந்து மூச்சு முட்டியது.

மறுநாள் காலையில் ரேஷன் கடைக்குப் போனேன். தெருவே வரிசையில் நின்றது. அதே கடைக்காரர்தான். எல்லார் காதிலும் விழும்படி, "எனக்கும் அரிசி வேணும். அட்டைய மாத்தணும்," என்றேன். இப்போது முடியாது சார், ஆபீஸ் திறக்கட்டும் என்று அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பார்கள் என்று எட்டு வருடமாக நான் பயந்தது வீண். திரும்பும்போது மளிகைக் கடையில் கடன் சொல்லி அரிசி வாங்கினேன். சம்பளம் தர என்னால் முடியவில்லை, இனி பை வேண்டாம் என்று முதல்முறையாக வாய்விட்டு டிரைவருக்குச் சொல்லியனுப்பினேன்.

அட்டை மாறி வர மாதங்கள் ஆயின. அடுத்த வருடம் மறுபடியும் ஊரடங்கு வந்தபோது எங்கள் வாசலிலும் டோக்கன் கொடுத்தார்கள். கடை முன்னால் சுண்ணாம்பு வட்டங்கள். ஜனங்கள் ஆளுக்கொரு வட்டத்தில் பையை வைத்துவிட்டு நிழலில் ஒதுங்கியிருந்தார்கள். நான் அந்த மஞ்சள் பையை மடித்து வைத்து, காற்றில் பறக்காமல் மேலே ஒரு கல்லை வைத்தேன். வெயிலில் பைகள் மட்டும் வரிசையாக நின்றன. அன்று வாங்கியதில் ஒரு பங்கை முகூர்த்த நாள் பார்த்து அவன் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். அவனும் ஒன்றும் கேட்கவில்லை.

மலை திறந்து கல்யாணங்கள் திரும்பியபோது முதல் நடைக்கு நானும் கூடப் போனேன். மேளம் காதைப் பிளந்தது. முகமில்லாமல் கனவில் வந்தவர்கள் இப்போது பாதி முகத்தோடு ஏறி இறங்கினார்கள். திண்டிவனத்தில் எல்லாரையும் இறக்கிவிட்டபின், அவன் ஓனர் பையைக் கியர் ராடில் மாட்டினான்.

எடுத்துப் பிரித்தேன். தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு லட்டு. என் கை அதோடு நிற்கவில்லை. தேங்காயைத் தள்ளிவிட்டுப் பையின் அடிவரை போய்த் துழாவியது. எதைத் தேடுகிறேன் என்பது எனக்கே ஒரு கணம் கழித்துத்தான் புரிந்தது. நிமிர்ந்தால் கண்ணாடியில் அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது நெசக் கல்யாணம் ஓனரே," என்றான்.

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு லட்டை இரண்டாக உடைத்தேன்.