சத்தம் வராத கீபோர்டு

என் கணவர் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்புக் கம்பெனியில் உலையில் வேலை பார்த்தார். உருகின குழம்பு சிதறி அவர் இறந்துபோனபோது கம்பெனியிலிருந்து வீட்டுக்கு வந்தவர்கள், "ஒரு செகண்டுதாம்மா. இன்னா நடந்துச்சுன்னு அவருக்கே தெரிஞ்சிருக்காது" என்றார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் காரியம் வரைக்கும் நின்றேன். வலி இல்லாமல் போனார். அது போதும் என்று நினைத்தேன்.

காரியம் முடிந்ததும் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை என்று கூப்பிட்டு அனுப்பினார்கள். மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். போகமாட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. கல்யாணத்துக்கு முன்னால் பொன்னேரியில் டைப்ரைட்டிங் படித்து லோயர் பாஸ் செய்திருந்தேன். அதைக் கேட்டதும் டிஸ்பாட்ச் ரூமில் உட்கார வைத்துவிட்டார்கள். கம்பி ஏற்றிக்கொண்டு போகிற லாரிகளுக்குச் சலான் அடித்துக் கொடுக்கிற வேலை.

சின்ன அறை. பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்சார்ஜ் சார். என் பக்கத்து மேசையில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிற பெண். பெரியபாளையத்துக்காரி, கோயில் வாசலில் பூக்கடை வைத்திருக்கிற வீட்டுப் பெண். எனக்கு எதிரே லாரிக்காரர்கள் சீட்டு நீட்டுகிற ஜன்னல். மேசையில் பாதியை பிரின்டர் எடுத்துக்கொண்டது. மீதியில் ஒரு பெரிய பழைய கீபோர்டு, எழுத்தெல்லாம் தேய்ந்து, இடுக்கில் எல்லாம் கருப்பாக இரும்புத் தூசி ஏறி. மௌஸை நகர்த்த இடமில்லாமல் கையை மேசைக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டுதான் வேலை செய்வேன்.

டைப்ரைட்டரில் பழகின கை என்னுடையது. அதில் ஓங்கி அடித்தால்தான் எழுத்து விழும். அந்தப் பழக்கம் போகவே இல்லை. நான் அடிக்க ஆரம்பித்தால் தடதடவென்று அறை முழுக்கக் கேட்கும்.

"இன்னாம்மா, தறி ஓட்ற மாதிரி ஓட்ற" என்பார் இன்சார்ஜ் சார், தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து. கோபமாக இல்லை. அவர் நல்லவிதமாகத்தான் பேசுவார்.

சத்தம் எனக்குத் தொந்தரவாக இல்லை. சத்தம் நிற்பதுதான் தொந்தரவு. சில சமயம் அடித்துக்கொண்டே இருக்கும்போது கை தானாக நின்றுவிடும். உலைப் பக்கமிருந்து ஏதாவது தீய்ந்த வாடை வரும், இல்லையென்றால் அவர் போட்டிருந்த மாதிரி நீலச் சட்டை ஒன்று ஜன்னலைத் தாண்டிப் போகும். நான் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். உடனே அறையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அக்கவுன்ட்ஸ் பெண் தலையைத் தூக்கிப் பார்ப்பாள். தடுப்புக்கு மேலே இன்சார்ஜ் சாரின் வழுக்கைத் தலை எழும். ஒன்றும் கேட்கமாட்டார்கள், பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்தே நான் மறுபடி தடதடவென்று அடிக்கத் தொடங்குவேன். அழக்கூட எனக்கு அங்கே ஒரு மறைப்பு இல்லை.

அப்படித்தான் சத்தம் வராத கீபோர்டு ஒன்று வேண்டும் என்று தோன்றியது. அடித்தாலும் நிறுத்தினாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

அக்கவுன்ட்ஸ் பெண்ணிடம் இடம் பற்றாத கதையை மட்டும் சொன்னேன். "சின்னதா, சத்தமில்லாம ஒண்ணு கெடைக்குமாமே?"

"கெடைக்கும்க்கா. ஆனா சின்னதுன்னா சைடுல நம்பர் இருக்காது. நீ பூரா எடைதான அடிக்கிற? எப்டி அடிப்ப?"

"மேல் வரிசைல நம்பர் இருக்குமில்ல? எங்க இன்ஸ்டிடியூட் மிஷின்ல அதான் இருந்துச்சு."

பஜாரில் இருந்த கம்ப்யூட்டர் கடையில் இரண்டு மாதிரிதான் வைத்திருந்தார்கள், இரண்டும் என்னுடையதைப் போலவே பெரிசு. ஒரு சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு இரண்டு பேரும் ரயில் ஏறி சென்னைக்குப் போனோம். ரிச்சி தெருவில் மதிய வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கினோம். அவர் போனபிறகு வேலைக்கும் காரியத்துக்கும் தவிர நான் வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பெண் எனக்குச் சாத்துக்குடி ஜூஸ் வாங்கிக் கொடுத்தாள். ஏதோ சொன்னாள், நான் சிரித்துக்கூட விட்டேன். சிரித்ததும் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஒரு கடைக்காரர், "கேமுக்கா, ஆபீசுக்கா?" என்று கேட்டு, வரிசையாக எடுத்து வைத்தார். ஒன்று விளக்கெல்லாம் எரிந்தது, தொட்டாலே டக் டக்கென்றது. ஒன்று ரப்பர் மாதிரி மெத்தென்று இருந்தது, சத்தமே இல்லை, ஆனால் அடித்தோமா இல்லையா என்று விரலுக்கே தெரியவில்லை. வயர் இல்லாதது ஒன்று காட்டினார். பேட்டரி தீர்ந்தால் லாரிக்காரன் ஜன்னலில் நின்று கத்துவான், வேண்டாம் என்றேன். கடைசியாக லேப்டாப்பில் இருக்கிற மாதிரி தட்டையான கீ வைத்த ஒன்று. பக்கத்தில் நம்பர் கிடையாது. ஒரு முழ நீளம்கூட இல்லை. மேலே போட்டு மூட மெல்லிசாக ஓர் உறையும் இருந்தது. தூசி உள்ளே போகாது என்றார்.

"அடிச்சிப் பாருங்கம்மா."

என் விரல்கள் தாமாகவே இன்ஸ்டிடியூட்டில் முதல் நாள் சொல்லிக்கொடுத்த ஏ எஸ் டி எஃப் அடித்தன. நான் குத்தின குத்தில் அதுகூடக் கொஞ்சம் சத்தம் போட்டது. கடைக்காரர், "குத்தாதீங்க, சும்மா தொடுங்க, போதும்" என்றார். தொட்டேன். துணியில் நகம் படுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அதையே வாங்கினேன்.

ஒரு வாரம் தப்புத் தப்பாக அடித்தேன். அதற்குப்பிறகு கை பழகிவிட்டது. மேசையிலும் இடம் கிடைத்தது. முக்கியமாக, நான் நிறுத்தினால் யாரும் தலை தூக்கவில்லை. ஒருநாள் சலானுக்கு நடுவில் நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி அடித்தேன். பக்கத்து மேசைக்குத் தெரியவில்லை. அன்றைக்கு ரயிலில் வரும்போது ஏதோ ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

லாரிகளை நிறுக்கிற எடை மேடையிலிருந்து எடைச் சீட்டுகளைக் கொண்டுவந்து ஜன்னலில் வைப்பவன் என் கணவரோடு உலையில் வேலை பார்த்தவன். அவரை அண்ணா என்று கூப்பிடுவான். எங்கள் வீட்டில் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறான். அப்போதெல்லாம் நான் அவனுக்கு அண்ணி. அவர் இறந்த பிறகு உலைப் பக்கம் போகமாட்டேன் என்று அடம் பிடித்து எடை மேடைக்கு மாறி வந்திருந்தான். நான் ஆபீசுக்கு வந்ததிலிருந்து என்னை மேடம் என்று கூப்பிட்டான். சீட்டை வைப்பான், முகத்தைப் பார்க்காமல் போய்விடுவான். நானும் தலை நிமிராமல் தடதடவென்று அடித்துக்கொண்டே வாங்கி வைப்பேன்.

ஒருநாள் மதியம் லாரி குறைவு. இன்சார்ஜ் சார் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தார். அக்கவுன்ட்ஸ் பெண் சாப்பிடப் போயிருந்தாள். அவன் சீட்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்றான்.

"சத்தமே இல்லியே. நீங்க இல்லன்னு நெனச்சிக்கினேன்" என்றான்.

"புதுசு மாத்திட்டேன்" என்றேன்.

அவன் இன்னும் போகவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். நான் அடிப்பதை நிறுத்தினேன்.

"அண்ணி" என்றான்.

அத்தனை மாதத்துக்கு அப்புறம் அந்த வார்த்தையைக் கேட்டதும் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தேன்.

"இவ்ளோ நாளு அந்தச் சத்தத்துல வாயத் தொறக்கவே முடியல அண்ணி. அண்ணன் உடனே போவல. அர மணி நேரத்துக்கு மேல இருந்தாரு. முழிச்சிக்கினுதான் இருந்தாரு. ஆம்புலன்ஸு வரவே இல்ல. தண்ணி, தண்ணின்னு கேட்டாரு. தீக்காயத்துக்குத் தண்ணி குடுக்கக் கூடாதுன்னு ஒருத்தர் சொன்னாரு. நான் பாட்டில கையிலயே வச்சிக்கினு இருந்தேன். குடுக்கல அண்ணி."

அவன் அழுதான். நான் அழவில்லை. பாதி அடித்த சலான் திரையில் இருந்தது. அவன் கை விரல்கள் கம்பியைப் பிடித்திருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. இன்சார்ஜ் சார் எழுந்து வந்தார். அவனைப் பார்த்து, "யோவ், இன்னா வேலை பண்ற நீ? போ" என்றார். அவன் போய்விட்டான்.

"சார், உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

அவர் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம், "அந்த நேரத்துல உனுக்கு அப்டி சொன்னாதான் தாங்குவன்னு எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணோம்மா" என்றார்.

எல்லாரும். சாப்பிட்டுவிட்டு வந்த அக்கவுன்ட்ஸ் பெண் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது, அவளுக்கும் தெரியும். நான் அடிப்பதை நிறுத்தினபோதெல்லாம் தலைகள் எழுந்தது பாவப்பட்டு இல்லை. எனக்கு யாராவது சொல்லிவிட்டார்களோ என்ற பயத்தில்.

"அக்கா..." என்றாள்.

"லாரி நிக்குது" என்று சொல்லி அந்தச் சலானை அடித்து முடித்தேன்.

வீட்டில் மகளிடம் சொல்லலாமா வேண்டாமா என்று அந்த வாரம் முழுக்கத் தவித்தேன். ஊரே தெரிந்து வைத்திருப்பது அவள் அப்பாவைப் பற்றி. நான் சொல்லாவிட்டால் அவளுக்கு வேறு யாராவது ஸ்கூலுக்குப் போகிற ரயிலில் வைத்துச் சொல்லிவிடுவார்கள். எடை மேடைக்காரனுக்கு போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, என்னிடம் சொன்னதை அவளிடமும் சொல்லச் சொன்னேன். "என்னால முடியாது அண்ணி" என்றான். ஆனாலும் வந்தான்.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள். அவன் முடித்ததும் கேட்டாள்.

"என்னப் பத்தி எதுனா சொன்னாரா சித்தப்பா?"

அவன் என்னைப் பார்த்தான். ஆமாம் என்று சொல்லிவிடு என்று என் மனசு அடித்துக்கொண்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இல்ல பாப்பா. வலில கத்தினாரு. தண்ணி கேட்டாரு. வேற ஒண்ணும் சொல்லல."

அவள் எழுந்து உள்ளே போனாள். அவனுக்குப் போட்ட டீ அப்படியே ஆறிப்போய் ஆடை படர்ந்திருந்தது. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனபிறகு அவள் வெளியே வந்து, டீயைக் கொட்டிவிட்டு டம்ளரைக் கழுவினாள். கழுவிக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல், "நாளைக்கி அந்த ஆபீசுக்குத் திரும்பப் போவியாமா?" என்றாள்.

"போவேன்."

"எப்டிமா?"

கழுவின டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்தேன். சில நாள் என்னோடு பேசாமல் இருந்தாள். பிறகு, சாப்பாடு என்ன, ஸ்கூலுக்கு எப்போது என்கிற அளவுக்குப் பேச்சு திரும்பியது. அவன் கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டு காட்டுப்பள்ளி பக்கம் துறைமுகத்தில் லாரி ஓட்டப் போய்விட்டான். எடை மேடைக்கு வேறு ஆள் வந்தார். அவருக்கு என்னையும் தெரியாது, என் கணவரையும் தெரியாது.

அவன் வீட்டுக்கு வந்து சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள், எப்போதும்போல வேலைக்குக் கிளம்பினேன். ரயிலில் வழக்கமான கூட்டம். கவரைப்பேட்டை தாண்டினதும் கம்பெனி நீலச் சட்டை போட்ட ஒருவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். உட்கார்ந்துகொண்டேன்.